பின்பிரேக் சாமான் வாங்கக் கடைக்குப் போகுமுன்

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கீழ் டிவிசன் தம்பி ஒருவர் எமது நலன்புரி ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு துண்டுக் கடதாசி. டவுனில் ஒரு கராஜில் எழுதிக் கொடுத்தது. பின் ஹப் முழுசாக, லைனர் ஒரு சோடி, பிரேக் பிளேட், பிரேக் ரொட் என்று நான்கு வரி. கீழே ஒரு கூட்டுத்தொகை. அவர் கைக்கு வரும் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அது.

"ஐயா, இதுக்கு ஏதாச்சும் லோன் போட முடியுங்களா? வீட்டுக்காரிய மாசா மாசம் கிளினிக்குக் கூட்டிட்டுப் போறது இந்த வண்டியிலதாங்க. பின்பிரேக்கு மிதிச்சா பிடிச்சுக்குது, காலை எடுத்தாலும் விடமாட்டேங்குது."

லோன் மனுவைப் பிறகு பார்ப்போம், முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்போம் என்றோம். ஆபீஸ் வாசலில் பழைய உரச்சாக்கை விரித்துக் கழற்றினோம். லைனரில் இன்னும் 3 மில்லிமீற்றர் அளவுக்கு இருந்தது. ஹப்பின் உட்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. பழுது வேறு இடத்தில். பிரேக் கேம் துருப்பிடித்து அதன் துளைக்குள்ளேயே இறுகிப் போயிருந்தது. இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று இழுபட்டு நீண்டு விட்டது. துண்டில் எழுதியிருந்த நான்கு சாமானில் ஒன்றுகூடத் தேவையில்லை. தேவைப்பட்ட இரண்டும் துண்டில் இல்லை.

கராஜ்காரரை நாம் திருடர் என்று சொல்ல வரவில்லை. சக்கரத்தைக் கழற்றாமல், மிதித்துப் பார்த்து மட்டும் எழுதிய துண்டு அது. சாமான் தேடும் வேலை கடையில் ஆரம்பிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நம் வீட்டு வாசலில், சக்கரத்தைக் கழற்றும்போதே ஆரம்பிக்கிறது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022-ல் ரூபாயின் மதிப்பு விழுந்தபோது சாமான் விலையும் கூடவே ஏறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தாலும், புது வண்டி விலை எங்களுக்கு எட்டும் உயரத்தில் இல்லை. ஆகவே லயத்து வாசல்களில் நிற்பவை பெரும்பாலும் பழைய வண்டிகளே. அப்பா காலத்து ஹொண்டா சி 90 இருக்கிறது, பஜாஜ் சி.டி. 100 இருக்கிறது, ஹீரோ ஹொண்டா ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. இந்த மூன்றிலும் பின்பிரேக் டிரம் பிரேக்தான். அதைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

உள்ளே இருப்பது என்ன?

பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டச் சட்டி போன்ற பகுதிதான் டிரம். அதற்குள் பிறைநிலா வடிவில் இரண்டு அலுமினியத் துண்டுகள் உண்டு. அவற்றின் முதுகில் லைனர் ஒட்டியிருக்கும். நம் ஊர்க் கடைகளில் இந்தத் துண்டையும் சேர்த்தே லைனர் என்றுதான் சொல்வார்கள். சிலர் பிரேக் சூ என்பார்கள். இரண்டின் ஒரு முனை ஒரு பின்னில் தாங்கியிருக்கும். மறு முனைகளுக்கு நடுவே கேம் நிற்கும். கேம் என்பது தட்டையான தலையுள்ள ஒரு சிறு தண்டு. பெடலை மிதித்தால் ரொட் இழுக்கும், ரொட் வெளியிலுள்ள கையை இழுக்கும், கை கேமைத் திருப்பும். தட்டைத் தலை திரும்பும்போது இரண்டு துண்டும் விரிந்து டிரம்மில் உரசும். காலை எடுத்ததும் அவற்றைத் திரும்ப இழுத்துக்கொள்வது ஸ்பிரிங் இரண்டும்.

இவை எல்லாவற்றையும் தாங்கும் மூடிதான் பிரேக் பிளேட். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றப் பார்க்கும். சுற்றாமல் பிடித்து வைப்பது ஒரு நீளக் கம்பி, டோர்க் ஆர்ம். அதன் நட்டில் ஸ்பிளிட் பின் என்று ஒரு சின்னக் கம்பி போட்டிருப்பார்கள். ஐந்து, பத்து ரூபாய் சாமான் என்று அதை அலட்சியம் செய்து, வேலிக் கம்பியை முறுக்கி விட்டிருக்கும் வண்டிகளை நம் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறோம். அந்த நட்டு கழன்றால் பிளேட் சுற்றிவிடும். ரொட் வளைந்து சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

நட்டை முறுக்கிக்கொண்டே போவது

லைனர் தேயத் தேயப் பெடல் கீழே இறங்கும். ரொட்டின் நுனியிலுள்ள நட்டைக் கொஞ்சம் முறுக்கினால் மறுபடி மேலே வரும். இது தப்பில்லை, அதற்காகத்தான் அந்த நட்டு இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. பல வண்டிகளில் பிரேக் கையின் அடியில் ஒரு சிறு அம்புக்குறியும் பிளேட்டில் ஒரு அடையாளமும் இருக்கும். பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்கும்போது அம்பு அந்த அடையாளத்துக்கு வந்துவிட்டால் லைனர் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நட்டைத் தொடக்கூடாது.

இதை நாம் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 2016-ல் எமது வண்டியில் அம்பு எல்லைக்கு வந்துவிட்டது. சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஒரு கராஜில் கேட்டோம். "லைனர் மாத்தத் தேவையில்ல, கையை ஒரு பல்லு தள்ளிப் பூட்டினா சரி" என்றார்கள். கேம் தண்டில் பற்கள் இருக்கும். கையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டால் பெடல் புதுசு மாதிரி மேலே வரும். அம்பும் பழைய இடத்துக்குப் போய்விடும். நமக்கும் மனசுக்குள் சந்தோசம், காசு மிச்சம்.

எட்டாம் நாள், மேல்மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் மிதித்தோம். லைனர் மெலிந்து போயிருந்ததால் கேம் அளவுக்கு மிஞ்சித் திரும்பி, குறுக்காக நின்று இறுகிக்கொண்டது. காலை எடுத்தும் விடவில்லை. பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி வழுக்கி, வண்டி கானோரத்துத் தேயிலைச் செடியில் போய் விழுந்தது. பின்னால் யாரும் இல்லை. முழங்கால் தோல் உரிந்ததோடு போயிற்று. அந்த வளைவின் மறுபக்கம் கீழே என்ன இருக்கிறது என்று எமக்கும் தெரியும், இதை வாசிக்கும் எங்கள் தோட்டத்தாருக்கும் தெரியும்.

ஆகவே யார் உங்கள் வண்டியில் பிரேக் கையைக் கழற்றினாலும் ஒன்றைப் பாருங்கள். கேம் தண்டின் நுனியில் ஒரு புள்ளி குத்தியிருக்கும், கையிலும் ஒரு புள்ளி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வரவேண்டும். இல்லாவிட்டால் அம்புக்குறி பொய் சொல்லும்.

கழற்றிப் பார்ப்பது

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ரொட் நட்டு, டோர்க் ஆர்ம் நட்டு, பிறகு அச்சு நட்டு என்ற வரிசையில் கழற்றலாம். செயினை இறுக்கும் இரு பக்க அடையாளமும் எத்தனையாவது கோட்டில் இருக்கிறது என்று சோக்குக் கட்டியால் குறித்து வையுங்கள். அச்சு வரும்போது விழும் வளையங்கள் எந்தப் பக்கத்தில் இருந்தன என்பதையும் பாருங்கள். போன் இருப்பவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பூட்டும்போது தலையைச் சொறிய வேண்டியதில்லை.

டிரம்மைத் திறந்தவுடன் கருப்புத் தூள் கொட்டும். வாயால் ஊதவே கூடாது, காற்று பம்பாலும் அடிக்கக் கூடாது. பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்து நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பார்கள், அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். லைனர் மிக மெலிந்த இடத்தில் 2 மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். எண்ணெய் குடித்துக் கருத்து மினுங்கினாலும் மாற்ற வேண்டும். பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்துப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உள்ளே ஊறியது அப்படிப் போகாது, சூடேறும்போது மறுபடி கசியும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் புது லைனர் போட்டால் அதுவும் கெட்டுவிடும்.

டிரம்மின் உட்சுவரில் நகத்தை ஓடவிட்டுப் பாருங்கள். ஓரத்தில் படி மாதிரி தட்டினால் தேய்ந்திருக்கிறது. ஹப்பில் எங்காவது ஆங்கிலத்தில் மேக்ஸ் என்று எழுதி ஒரு எண் வார்த்திருக்கும். 110 மில்லிமீற்றர் டிரம்மில் அது பெரும்பாலும் 111 ஆக இருக்கும். உள் அகலம் அந்த எண்ணைத் தாண்டினால் எந்தப் புது லைனர் போட்டும் பயனில்லை, ஹப்பைத்தான் மாற்ற வேண்டும். தாண்டாதவரை ஹப்புக்குச் செலவு செய்யத் தேவையில்லை. அந்தத் தம்பியின் துண்டில் பெரிய தொகை ஹப்புக்குத்தான் போட்டிருந்தது.

கேமை விரலால் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்ப வேண்டும், ஆனால் இப்படியும் அப்படியும் ஆடக்கூடாது. துருதான் பிடித்திருந்தால் கழற்றி, மெல்லிய உப்புத்தாள் போட்டு, துளிக் கிறீஸ் தடவினால் பிழைத்துவிடும். குழி விழுந்திருந்தால் புதுசு வேண்டும். ஸ்பிரிங் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று மற்றதைவிட நீளம் என்றால் இரண்டையுமே மாற்றுங்கள்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டியது

பழைய சாமானை வீசிவிட்டுக் கடைக்குப் போகிறவர் இரண்டு முறை பஸ் ஏறுவார். கழற்றியதை எல்லாம் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டுக் கையில் கொண்டுபோங்கள். அதோடு வண்டியின் மாடல், தயாரித்த வருடம், செசி நம்பர் மூன்றும் வேண்டும். செசி நம்பர் பல வண்டிகளில் ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் குத்தியிருக்கும். பதிவுப் புத்தகத்திலும் இருக்கும். லீசிங் வண்டி என்றால் மூலப் புத்தகம் கம்பனியில் கிடக்கும், ஒரு போட்டோ பிரதி கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சாமான் வாங்க மட்டுமில்லை, வேறு பல காரியத்துக்கும் அது உதவும்.

பெயரைச் சொல்லிக் கேட்பது மட்டும் போதாது. ஒரே கம்பனி, ஒரே பெயர், ஆனால் வருடத்துக்கு வருடம் சாமான் மாறியிருக்கும். சி.டி. 100-ன் பின் டிரம் 110, ஸ்ப்ளெண்டருக்கு 130. அளவு ஒன்றாக இருந்தாலும் பொருந்திவிடும் என்று நினைக்கக் கூடாது. 110 என்று சொல்லி விற்கும் இரண்டு லைனரில் அகலம் வேறாக இருக்கும், பின்னில் உட்காரும் வளைவு வேறாக இருக்கும், ஸ்பிரிங் மாட்டும் துளை தள்ளி இருக்கும்.

கவுண்டரில் வைத்துப் பார்க்கும் முறை இதுதான். பழையதையும் புதியதையும் வயிற்றோடு வயிறு ஒட்டி வைத்துப் பாருங்கள். லைனரின் தடிப்பை ஒப்பிடக் கூடாது, பழையது தேய்ந்துதானே போயிருக்கும். அலுமினியத்தை ஒப்பிடுங்கள். பின் உட்காரும் முனை, கேம் தள்ளும் தட்டை முனை, அகலம், ஸ்பிரிங் துளை இந்த நான்கும் ஒத்துப்போனால் வாங்கலாம். ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும், "கொஞ்சம் அரம் போட்டா சரியாயிரும்" என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். லைனர் ஒட்டிய விளிம்பில் நகத்தை விட்டுப் பாருங்கள், இடைவெளி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓடும்போது லைனர் கழன்று டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும்.

ஹொண்டா பெட்டியில் நம்பர் மூன்று பகுதியாக இருக்கும். முதல் ஐந்து எண்கள் அது என்ன சாமான் என்பதைக் காட்டும். நடுவில் உள்ள மூன்று எழுத்து அல்லது எண், எந்த மாடலுக்காக அது முதலில் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். பழைய பெட்டி மூடி வீட்டில் கிடந்தால் அந்தத் துண்டைக் கிழித்துக் கொண்டுபோனாலே பாதி வேலை முடியும்.

புதுசா, பழசா?

கம்பனி சாமான் விலை கூட. டூப்ளிகேட் விலை குறைவு. பழைய வண்டியில் கழற்றியது இன்னும் குறைவு. எல்லாவற்றையும் கம்பனி சாமானாக வாங்குங்கள் என்று சொல்லிவிடுவது எமக்குச் சுலபம். கொழுந்து நிறுத்துக் கிடைக்கும் சம்பளத்தில் அது நடக்காது என்பதும் எமக்குத் தெரியும். எமது அபிப்பிராயம் இது. லைனரும் ஸ்பிரிங்கும் புதிதாகவே வாங்க வேண்டும், முடிந்தால் கம்பனி சாமான். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது. ஹப், பிளேட், பெடல், டோர்க் ஆர்ம், ரொட் இவை வளைவு வெடிப்பு இல்லாமல் இருந்தால் பழசு வாங்கலாம். பழைய ஹப் வாங்கினால் மேக்ஸ் எண்ணைப் பார்த்து, அங்கேயே உள் அகலத்தை அளந்து வாங்குங்கள். யாரோ பாவித்த லைனரை மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சி 90 போன்ற பழைய வண்டிக்கு லைனர் கிடைக்காவிட்டால், உங்கள் அலுமினியத் துண்டிலேயே புது லைனர் ஒட்டிக் கொடுக்கும் இடங்கள் பெரிய டவுன்களில் உண்டு. அது பழைய முறை, நல்ல முறையும்கூட. ஆனால் வீட்டில் பசை வாங்கி ஒட்டும் வேலை அல்ல.

முதலில் பக்கத்து டவுனில் கேளுங்கள். பிறகு ஹட்டன், நுவரெலியா, கண்டி. அங்கும் இல்லாவிட்டால் கொழும்பில் மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தை. வாகனச் சாமானுக்குப் பேர்போன இடம், கடை கடையாக ஏறி இறங்கலாம். ஆனால் கொழும்புக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும். ஆகவே முதலில் போனில் கேளுங்கள். சாமானைப் பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, நேர் மேலேயிருந்து படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் கடைக்காரர் அளவைப் பார்த்துக்கொள்வார். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதைக் காசு அனுப்புமுன் கேளுங்கள். அந்த வார்த்தையை எழுத்தில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

பூட்டிய பிறகு

கேமிலும் பின்னிலும் மட்டும் துளிக் கிறீஸ். லைனரில் விரல்கூடப் படக்கூடாது. அச்சு நட்டைக் கடைசியாக இறுக்கும்போது ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் லைனர் இரண்டும் டிரம்மின் நடுவில் உட்காரும். பெடல் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை சும்மா இறங்கி, அதன் பிறகு பிடிக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும். பிரேக் லைட் எரிகிறதா என்று பின்னால் ஒருவரை நிறுத்திப் பாருங்கள்.

புது லைனர் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. டிரம்மோடு உரசி உரசித்தான் படியும். அதனால் முதல் ஓட்டம் பெக்டரி முன்னாலுள்ள சம தரையில், தனியாக. மலைப்பாதையில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு போய்ப் பரீட்சை பார்க்க வேண்டாம். இறக்கத்தில் பெடலிலேயே காலை வைத்துக்கொண்டு வருகிற பழக்கமும் வேண்டாம். டிரம் கொதித்தால் நல்ல லைனரும் பிடிக்காது. கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியில் வண்டியை இறக்கி, முன் பின் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். கான் தண்ணீரில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி, இலேசாக மிதித்து லைனரைக் காயவைக்க வேண்டும்.

பின்னால் உட்கார்ந்து வரும் அம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. வண்டியின் சத்தம் உங்களுக்கும் பழக்கம்தானே. மிதிக்கும்போது இரும்பில் இரும்பு கீறுவது போல் கேட்டாலோ, இறங்கிய பிறகு சக்கரத்தின் நடுவிலிருந்து தீய்ந்த வாடை வந்தாலோ அன்றைக்கே சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, நட்டை முறுக்கிட்டாப் போதும்" என்று பதில் வந்தால், அம்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கீழ் டிவிசன் தம்பிக்குக் கேம் டவுனிலேயே, இரண்டாவது கடையில் கிடைத்தது. ஸ்பிரிங் சோடி கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தது. லோன் மனு எழுத வேண்டிவரவில்லை. அடுத்த கிளினிக் நாளில் இருவரும் அந்த வண்டியிலேயே போய் வந்தார்கள்.

அவர் கழற்றிய துருப்பிடித்த கேம், எமது தேய்ந்த பழைய லைனர் சோடி, இன்னும் சில சாமான்கள் ஆபீஸ் அலுமாரியில் இருக்கின்றன. எது எதுவென்று தெரியாதவர்கள் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம். டிரம் அளப்பதற்கு ஒரு வேர்னியரும் வாங்கி வைத்திருக்கிறோம். புதன்கிழமைகளில் அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு வாருங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டாம், சக்கரத்தை மட்டும் கொண்டுவந்தால் போதும்.